லோனும் லோடும்

மின்கணக்கீட்டாளர் வேலை என்பது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடாத வீட்டு வாசலில் போய் நின்று, அந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு வசதியாகிவிட்டார்கள் என்பதை அவர்களுக்கே படித்துக் காட்டி, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிற வேலை. ரேஷன் கடையில் எடை போடுகிறவர்கள், பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர்கள், கேஸ் சிலிண்டரை மாடி ஏற்றுகிறவர்கள் என்று, தாங்கள் வைக்காத விலைக்குத் தாங்கள் பேச்சு வாங்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எனக்குக் கொடுத்திருப்பது ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம். ஷூ கம்பெனிக்கும் தோல் பதனிடும் டேனரிக்கும் போகிற ஜனங்கள் குடியிருக்கிற தெருக்கள். மீட்டர் சில வீட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கும், சில வீட்டில் சாமி படத்துக்கு மேலே இருக்கும். நாய்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எதுவும் எழுத முடியாது. நான் சொல்ல வந்தது ஒரே ஒரு தெருவையும், அதில் ரோசலின் என்கிற ஒரு பெண்ணையும் பற்றி. அந்தத் தெருவுக்குள் முதலில் கடன் வந்தது, அதன் பின்னாலேயே கரண்டுச் செலவு வந்தது. இரண்டும் வந்ததை மீட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

எத்தனை யூனிட்?

ரோசலின் பெரிய ஷூ கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகத் தையல் லைனில் உட்கார்ந்தவள். வேலையை விட்டுவிட்டு, கம்பெனியில் பிடித்து வைத்திருந்த பி.எஃப். பணத்தை எடுத்து முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணைக் கடன் போட்டு, இரண்டு மோட்டார் தையல் மெஷின் வாங்கி வீட்டு முன்னறையில் போட்டிருந்தாள். ஷூவின் மேல்பாகத்தை வெட்டித் துண்டுகளாகக் கம்பெனி அனுப்பும். தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. நான் ஆற்காட்டுக்காரி, இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்த புதிது. மீட்டரைப் பார்த்தேன், போன தடவையைவிட எண் எகிறி இருந்தது. "இன்னாம்மா, யூனிட் இப்படி ஏறிடுச்சு?" என்று கேட்டேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் நின்றேன்.

அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாக்கா, யூனிட் நல்லா போவுது. கர்த்தர் புண்ணியத்துல அடுத்த வருஷம் இன்னொரு யூனிட் போடலாம்னு இருக்கேன்" என்றாள். கரண்டு யூனிட்டை யாராவது போடுவார்களா என்று நான் விழித்தேன். ஆம்பூரில் யூனிட் என்றால் தையல் கூடம் என்று எனக்குப் புரிய இன்னும் இரண்டு கேள்வி தேவைப்பட்டது. புரிந்ததும் மெஷினைக் காட்டினாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். நாற்பது தாண்டினால் கம்பெனி லைனில் மறுபடி எடுக்க மாட்டார்களாம், இவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. இந்த இரண்டு மெஷின் ஓடினால் முதலாளி, நின்றால் திரும்பிப் போக இடம் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டுதான் இறங்கியிருக்கிறாள். பில் தொகையைச் சொன்னபோதுகூட அவள் சிரிப்பு குறையவில்லை.

"யூனிட் ஏறினா சந்தோஷம்தானக்கா?"

ஜீரோ பில்

தெரு முனை டீக்கடையில் நான் கணக்கெடுக்கப் போகிற நாளில் மட்டும் ஒருவர் பைக்கில் சாய்ந்துகொண்டு நிற்பார். பெயர் சதீஷ். வீட்டுச் சாமான்களுக்கும் தையல் மெஷினுக்கும் தவணைக் கடன் கொடுக்கிற ஒரு ஃபைனான்ஸில் களப் பணியாளர். கல்யாணமாகிக் குழந்தை குட்டி உள்ளவர், மரியாதையாகத்தான் பேசுவார். ஒருநாள் என்னிடம், எந்தெந்த வீட்டில் நூறு யூனிட் தாண்டவில்லை என்று மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டார். நூறுக்குள் இருந்தால் எங்கள் கணக்கில் இலவசம், பில் பூஜ்ஜியம். ஃபேனும் லைட்டும் டிவியும் மட்டும் இருக்கிற வீடு என்று அர்த்தம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்தவர் மீட்டரை உங்களுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

கோபித்துக்கொண்டேனே தவிர, வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவ்வளவு வீராப்புக்கு எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. என் வீட்டு ஃப்ரிட்ஜ் தவணையில் வாங்கியது. கம்பெனி பஸ்ஸில் இருட்டியபின் வந்து இறங்குகிற பெண், தினம் மாவு அரைக்காமல் ஒருநாள் அரைத்து எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? அவர்கள் மட்டும் பூஜ்ஜியத்திலேயே இருக்க வேண்டும் என்று நான் யார் சொல்ல? அடுத்தடுத்த முறைகளில் தெருவில் பூஜ்ஜியம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ், எதிர்வீட்டில் வாஷிங் மெஷின், பக்கத்தில் கிரைண்டர், எல்லாம் சதீஷ் கொடுத்த தவணையில். நான் ஒன்றும் சொல்லாமலே சதீஷுக்கு எப்படித் தெரிந்தது என்று கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"நீங்க சொல்லவே வேணாம் மேடம். பில்லு ஜீரோன்னு நீங்க சொன்னதும் அந்த வீட்டம்மா சிரிக்கறாங்க பாருங்க, அத இங்கிருந்தே பாத்துக்குவேன். ஜீரோ பில்லுன்னா எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ்."

துணி போர்த்திய ஏசி

அதே தெருவில் கணேசன் என்பவர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். மகள் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிறார்கள் என்று தவணையில் ஏசி மாட்டினார். தெருவுக்கே முதல் ஏசி. வெளிப்பெட்டியை வாசலிலேயே, போகிற வருகிறவர் இடித்துக்கொள்ளும் உயரத்தில் மாட்டியிருந்தார். அடுத்த கணக்கெடுப்பில் இந்த வீட்டில் ஒரு பெரிய எண் காத்திருக்கும் என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். மீட்டர் பழைய கணக்கிலேயே நகர்ந்திருந்தது. பழுதோ, இல்லை வேறு ஏதாவது தில்லுமுல்லோ என்று எனக்குச் சந்தேகம். உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

படுக்கையறையில் ஏசிக்குப் பூப்போட்ட துணி தைத்து மேலே போர்த்தி, ஓரத்தில் நாடா வைத்துக் கட்டியிருந்தார்கள். கீழே ஒரு மேஜை ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து வந்தால் மட்டும் துணியை எடுப்பார்களாம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் தவணை மாதாமாதம் போகிறது, ஓடினால் அதற்கு மேல் பில்லும் போகும் என்பது கணேசன் மனைவியின் கணக்கு. கணேசன் என் பார்வையைக் கவனித்துவிட்டார். வெட்கப்பட்டாரா, கடுப்பானாரா என்று சொல்லத் தெரியவில்லை.

"வாங்கறதுக்குத்தான் மேடம் லோன் குடுக்கறாங்க. போடறதுக்கு யாரு குடுக்கறாங்க?"

மாடியில் வெயில்

ரோசலினுக்கு வேலை அனுப்புகிற கம்பெனிக்காரர் வீடும் என் கணக்கில்தான் வருகிறது. எல்லாரும் அவரைக் கம்பெனி பாய் என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நல்ல மனிதர். வெயிலில் போனால் மோர் கொடுத்தபிறகுதான் மீட்டர் பக்கம் விடுவார். வங்கியில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி மாடி முழுக்க சோலார் தகடு பதித்திருக்கிறார். அந்த வீட்டு மீட்டர் இரண்டு எண் காட்டும், அவர் எங்களிடம் எடுத்தது ஒன்று, எங்களுக்குக் கொடுத்தது இன்னொன்று. ஏசி எல்லா அறையிலும் ஓடுகிறது. அத்தனையும் கழித்து அவருக்கு வந்த பில், அந்த முறை ரோசலின் கட்டியதைவிடக் குறைவு. இரண்டாம் முறை சரிபார்த்துவிட்டுத்தான் பதிந்தேன்.

கம்பெனியிலும் கரண்டுச் செலவு குறைந்திருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எப்படி என்றேன். தையல் வேலையில் பாதியை வீடுகளுக்கு அனுப்பிவிட்டதால் அந்த மெஷின்களின் கரண்டும் வீடுகளுக்குப் போய்விட்டது என்றார். மறைக்கவும் இல்லை, பெருமை அடிக்கவும் இல்லை. எனக்கு அந்த மோர் சட்டென்று புளித்தது. ரோசலின் தெருவில் வோல்டேஜ் சாயங்காலத்தில் விழுந்துவிடுகிறது, மெஷின் முக்குகிறது என்று அவளே இவரிடமும் வந்து சொல்லியிருக்கிறாள். அதை நானும் எடுத்துச் சொன்னதும் அவர் மாடியைக் கைகாட்டினார்.

"இன்னாம்மா செய்றது, எனக்கு வெயில் அடிச்சா பில்லு கம்மி ஆவுது. அந்தப் பொண்ணுக்கு வெயில் அடிச்சா வோல்டேஜ் கம்மி ஆவுது."

சும்மா ஓடும் மோட்டார்

ரோசலின் வாங்கிய மெஷினில் இருப்பது பழைய மாதிரி மோட்டார். சுவிட்சைப் போட்டதும் ஓட ஆரம்பித்துவிடும். காலால் மிதித்தால்தான் ஊசி இறங்கும், ஆனால் மிதிக்காதபோதும் மோட்டார் கீழே 'உய்ங்' என்று ஓடிக்கொண்டே இருக்கும். துண்டுகளை ஒட்டும்போதும் ஓரம் மடிக்கும்போதும் நூல் கோக்கும்போதும் ஓடும். ரோசலின் ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் எழுந்து போய் சுவிட்சை அணைத்துவிட்டு வருவாள். அப்படி எழுந்து எழுந்து முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். மிதிக்கும்போது மட்டும் ஓடுகிற புது மோட்டார் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் மெஷின் இழுக்கிற கரண்டில் பாதி குறையும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். விலையும் மெஷின் விலையில் சின்னப் பங்குதான்.

மெஷினுக்குக் கடன் கொடுத்ததும் சதீஷ்தான் என்பதால் அவள் அவரிடமே கேட்டாள். மோட்டாருக்கு மட்டும் கடன் கிடையாது என்று பதில் வந்தது. மூன்றாவதாக ஒரு முழு மெஷின் வாங்கினால் உடனே ஒப்புதல், ஒரு கையெழுத்து போதும். இருக்கிற மெஷினில் கரண்டை மிச்சம் பிடிக்க மட்டும் வழி இல்லை. எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. கரண்டு மிச்சமானால் அந்தப் பெண் தவணையை ஒழுங்காகக் கட்டுவாளே, உங்களுக்கும் நல்லதுதானே என்று டீக்கடை வாசலில் சதீஷை நிறுத்திக் கேட்டேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"கட்டலைன்னா மெஷினத் தூக்கிட்டு வந்துடலாம் மேடம். மோட்டார மட்டும் கழட்டினு வந்து நான் இன்னா பண்றது?"

காகிதத்தில் ஒரு கிலோவாட்

அந்தத் தெருவுக்குக் கரண்டு கொடுக்கிற டிரான்ஸ்பார்மர், எல்லா வீட்டிலும் பூஜ்ஜியம் பில் வந்த காலத்தில் வைத்தது. கோடை வந்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து ஜனங்கள் இறங்கியதும் தெருவே மங்கும். ட்யூப்லைட் கண்ணடிக்கும், ஃபேன் இறக்கையை எண்ணலாம். பியூஸ் போவதும் எங்கள் ஆள் ஏறிப் போடுவதுமாக இருந்தது. திட்டு எல்லாம் எனக்கு. நான் மீட்டர் படிக்கிறவள், கம்பத்தில் ஏறுகிறவள் இல்லை என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பெரிய டிரான்ஸ்பார்மர் வைத்தால் என்ன என்று எங்கள் ஃபோர்மேன் தனபாலிடம் கேட்டேன். ஓய்வுக்கு நெருங்கியவர், எதற்கும் பதறாதவர். அவர் கம்ப்யூட்டரில் அந்தத் தெருவைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு வீடும் இணைப்பு வாங்கியபோது எவ்வளவு கரண்டு இழுப்போம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறதோ, அதுதான் அந்த வீட்டின் லோடு. எல்லா வீட்டுக்கும் நேராக ஒரு கிலோவாட் என்றே இருந்தது. ஃப்ரிட்ஜ் வந்தது, கிரைண்டர் வந்தது, ஏசி வந்தது, தையல் மெஷின் வந்தது. கடன் கொடுத்தவர்கள் கையெழுத்து வாங்கினார்கள், எங்களிடம் யாரும் வந்து லோடை ஏற்றி எழுதவில்லை. காகிதத்தைக் கூட்டிப் பார்த்தால் இருக்கிற டிரான்ஸ்பார்மரே தாராளம். பெரியது கேட்டு மேலே எழுதினால், எதற்கு என்று திரும்பி வரும். வீட்டுக்காரர்கள் உள்ளபடி லோடை எழுதிக் கொடுத்தால் எழுதலாம் என்றார். இவ்வளவு லோடு ஏறியும் அந்த டிரான்ஸ்பார்மர் எப்படி இன்னும் நிற்கிறது என்று எனக்கு ஆச்சரியம்.

"அதுக்குப் படிக்கத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா நம்ம பேப்பரப் பாத்துட்டு எப்பவோ வெடிச்சிருக்கும்."

லோனா, லோடா?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்தபிறகு, ரோசலின் வீட்டு வாசலில் தெருப் பெண்களைக் கூப்பிட்டுப் பேசினேன். எனக்கு அது வேலை நேரமும் இல்லை, என் வேலையும் இல்லை. ரோசலினுக்காகத்தான் போனேன். அவளுக்குக் கம்பெனியில் பள்ளிக்கூட ஷூ ஆர்டர் கொடுத்திருந்தார்கள், ஜூனுக்குள் முடிக்க வேண்டும். வோல்டேஜ் வராமல் அது நடக்காது. நான் மேடைப் பேச்சுக்காரி இல்லை. எழுந்து நின்று, "உங்க எல்லா வீட்லயும் லோடு ஜாஸ்தி ஆயிருக்குது. எழுதிக் குடுத்தது கம்மி. இப்ப கையெழுத்துப் போட்டு ஏத்திக்கிட்டா தெருவுக்கே நல்லது" என்றேன். பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "எனக்குத் தெரியாம எங்க வீட்டு ஆளு எவ்வளவுக்கா எடுத்துட்டாரு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் லோடு என்றேன், அவர்கள் காதில் லோன் என்று விழுந்திருக்கிறது. அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சதீஷின் ஃபைனான்ஸ் சேர்த்த கடன் குழுவில் இருக்கிறார்கள். ஒருத்தி தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று ஒருவருக்கொருவர் கையெழுத்துப் போட்டவர்கள். கையெழுத்து என்றாலே அவர்களுக்குக் கடன் என்றுதான் கேட்கும். நான் மறுபடி முதலிலிருந்து, லோன் வேறு, லோடு வேறு என்று விளக்கினேன். எழுதிக் கொடுத்தால் முன்பணம் கட்ட வேண்டும், மாதா மாதம் எதுவும் வசூலிக்க வர மாட்டோம் என்றேன். நான் சொல்லி முடித்தபோது ரோசலின்தான் முதலில் பேனாவை வாங்கினாள். வீட்டு இணைப்பில் தையல் மெஷின் ஓட்டக் கூடாது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதற்குத் தனி இணைப்பு, தொழில் கட்டணம், எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதினாள். கூடுதல் செலவுதான். அவளைப் பார்த்துச் சிலர் போட்டார்கள். குழுத் தலைவி வள்ளியம்மாள் மட்டும் கடைசி வரை காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது, டேனரியில் தோல் தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவள், யாரிடமும் எளிதில் ஏமாறாதவள். ஒருவழியாகக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"லோனாவது என்னிக்காவது ஒருநாள் முடியும்மா. இந்த லோடு எப்ப முடியும்?"

காயில்

காகிதம் போனது. நடைமுறை என்று ஒன்று இருக்கிறது, மதிப்பீடு, ஒப்புதல், பொருள் வருவது என்று. யாரையும் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஃப்ரிட்ஜ் கடன் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கிடைத்துவிடுகிறது, டிரான்ஸ்பார்மர் அப்படி வராது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அதற்குள் அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டது. ரோசலின் விடியற்காலையில், தெரு தூங்கும்போது வோல்டேஜ் இருக்கும் என்று எழுந்து தைத்தாள். போதவில்லை. பகலிலும் ஓட்டினாள். குறைந்த வோல்டேஜில் முக்கி முக்கி ஒரு மோட்டாரின் காயில், உள்ளே சுற்றியிருக்கிற செம்புக் கம்பிச் சுருள், கருகியது. கடையில் புதுக் கம்பி சுற்றிக் கொண்டுவந்தாள். ஸ்டெபிலைசர் வாங்கினால் தப்பிக்கலாம் என்றார்கள், அதற்கும் ஒரு கடன் வாங்கினாள். அதை மாட்டிய வாரத்தில் இன்னொரு மோட்டாரும் போனது.

நான் கணக்கெடுக்கப் போனபோது வீடு முழுக்க தீய்ந்த வாசனை. தைக்காத கருப்புத் தோல் துண்டுகள் சாக்கில் அப்படியே இருந்தன. கம்பெனி பாய் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டு, மூன்றாம் முறை சாக்கைத் திரும்ப எடுத்துவரச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற தேதியை அவரால் தள்ளிவைக்க முடியாது. தவணை இரண்டு நின்றுவிட்டது, குழுவில் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அவள் பங்கைக் கட்டினார்கள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தால் கரண்டு வரும் என்று சொன்ன வாய் என்னுடையது. இன்னும் கொஞ்ச நாளில் வந்துவிடும் ரோசலின் என்றேன். எனக்கே அது தேறுதல் மாதிரிக் கேட்கவில்லை. அவள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கரண்டு வந்தா வேல முடிஞ்சிடும்க்கா. வேல முடிஞ்சா லோன முடிச்சிடுவேன். அது ஒண்ணுதான் வராம பேஜார் பண்ணுது."

புது டிரான்ஸ்பார்மர்

மழைக்காலம் முடிகிற நேரத்தில் பெரிய டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. தேங்காய் உடைத்தார்கள். சாயங்காலம் ஃபேன் வேகமாகச் சுற்றுவதைப் பார்த்துத் தெருவே வாசலில் நின்று பேசிக்கொண்டது. எனக்குக்கூட ஒரு வீட்டில் கேசரி கொடுத்தார்கள். இத்தனை வருஷ வேலையில் திட்டு இல்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான். அடுத்த கணக்கெடுப்பில் ரோசலின் வீடு பூட்டியிருந்தது. வெளிச்சுவர் மீட்டரைப் பார்த்தேன். தொழில் இணைப்பைத் திருப்பிக் கொடுத்திருந்தாள். வீட்டு மீட்டர் நகர்ந்தும் நகராமலும் இருந்தது. பில் பூஜ்ஜியம். கையில் இருந்த கருவியில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் ஊரைவிட்டே போய்விட்டாளோ என்று மனம் என்னென்னவோ நினைத்தது.

ஐந்தாறு வீடு தள்ளி வள்ளியம்மாள் வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டது. உள்ளே போனேன். முன்னறையில் இரண்டு மெஷின். ஒன்றில் யாரோ சின்னப் பெண், இன்னொன்றில் ரோசலின். வள்ளியம்மாள் என் முகத்தைப் பார்த்ததும் நான் கேட்காமலே பதில் சொன்னாள். ஃபைனான்ஸ் வண்டி வந்து நின்றதாம், மெஷினை ராணிப்பேட்டைப் பக்கம் விற்கிறதாக இருந்ததாம். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிற மகனுடைய சம்பளச் சீட்டைக் காட்டி வங்கியில் கடன் எடுத்து, பாக்கியைக் கட்டி, கருகிய மோட்டாரையும் சரிசெய்து, மெஷினைத் தன் வீட்டில் இறக்கிக்கொண்டாளாம். குழுவில் மற்றவர்கள் தலையில் அந்தப் பாக்கி விழாமல் போனது அவளால்தான். "எவனோ எடுத்துட்டுப் போறதுக்கு நம்ம தெருவுலயே இருக்கட்டும்னு எடுத்தேம்மா. அவளுக்கும் தினம் கூலி குடுத்துடறேன்" என்றாள். அதில் பொய் இல்லை. அவளைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு மீட்டரைத் தேடினேன். கதவுக்குப் பின்னால் இருந்தது, எண் நன்றாக ஏறியிருந்தது. வெளியே வரும்போது ரோசலின் தையலை நிறுத்தாமல், துண்டைத் திருப்பிக்கொண்டே பேசினாள்.

"வோல்டேஜ் இப்ப சூப்பரா வருதுக்கா. மெஷின் என்னுதுதான், பாத்தீங்கல்ல? பில்லு மட்டும்தான் என்னுது இல்ல."

எங்கள் மின்வாரிய ஆபீஸில் நடந்த அந்த மாதக் கூட்டத்தில் அந்தத் தெருவில் மின்நுகர்வு நல்ல வளர்ச்சி கண்டிருப்பதாக வாசித்தார்கள், எண்களை எழுதிக் கொடுத்தவளே நான்தான் என்பதால் மற்றவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன்.